போர்முனையில் போட்ட கணக்கு: கருந்துளைக்கு அளவு சொன்ன ஷ்வார்ஸ்சில்ட் யார்?

1915 டிசம்பர். முதல் உலகப் போர் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று ஜெர்மன் ராணுவத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் கார்ல் ஷ்வார்ஸ்சில்ட். 42 வயது. போட்ஸ்டாம் வானியற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர். போருக்குப் போயிருக்கவே வேண்டாம். தானாகப் பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்.

1873-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரட்டை நட்சத்திரங்களின் சுற்றுப்பாதை பற்றிக் கட்டுரை வெளியிட்டபோது அவருக்கு வயசு 16. முப்பதைத் தொடும் முன்பே கோட்டிங்கனில் பேராசிரியர்.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியல் சமன்பாடுகளை பெர்லினில் முன்வைத்தார். நிறை, தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கிறது என்பதுதான் சாரம். ஆனால் சமன்பாடுகள் படு சிக்கல். ஐன்ஸ்டைனே தோராயமாகத்தான் தீர்த்திருந்தார். ஷ்வார்ஸ்சில்ட் எளிமையான ஒரு நிலையை எடுத்துக்கொண்டார்: சுழலாத ஓர் உருண்டை, சுற்றிலும் வெற்றிடம். சில வாரங்களில் துல்லியமான விடை கிடைத்துவிட்டது. 1916 ஜனவரியில் பிரஷ்ய அறிவியல் அகாடமியில் அவர் சார்பாக அதைச் சமர்ப்பித்தவர் ஐன்ஸ்டைன்.

அந்த விடைக்குள் ஒரு நீளம் ஒளிந்திருந்தது. எந்தப் பொருளையும் அந்த ஆரத்துக்குள் நசுக்கிவிட்டால், ஒளிகூட வெளியே வர முடியாது. சூரியனுக்கு அது 3 கி.மீ. பூமிக்கு 9 மில்லிமீட்டர், அதாவது மொத்த பூமியும் ஒரு கோலிக்குண்டு!

நிறை இரண்டு மடங்கானால் ஆரமும் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். நிஜக் கருந்துளைகள் சுழல்வதால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் ஓர் அளவைப் பிடிக்க இது போதும். நமக்குத் தெரிந்ததிலேயே மிக அருகில், சுமார் 1,560 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கையா பிஎச்1, சுமார் 10 சூரிய நிறை கொண்டது. ஆரம் 30 கி.மீ. நம் பால்வீதியின் மையத்தில் இருப்பதன் நிறை 43 லட்சம் சூரியன்கள். ஆரம் சுமார் 1.27 கோடி கி.மீ. எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்தில் இருப்பதோ 650 கோடி சூரியன்கள். ஆரம் சுமார் 1,900 கோடி கி.மீ. சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தூரத்தைப்போல நாலு மடங்கு.

இதில் ஒரு விசித்திரம் இருக்கு. ஆரம் 10 மடங்கானால் கொள்ளளவு 1,000 மடங்காகிறது. நிறை 10 மடங்குதான். அதனால் கருந்துளை பெரிதாக ஆக, சராசரி அடர்த்தி சரிகிறது. எம்87 கருந்துளையின் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைவிடக் குறைவு. நம்பக் கஷ்டம்தான்!

நடுத்தர அளவில்தான் இன்னும் சந்தேகம். ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தில் ஏழு நட்சத்திரங்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுவதை ஹப்பிள் படங்கள் காட்டின. அங்கே குறைந்தது 8,200 சூரிய நிறையில் ஒன்று இருக்கலாம் என்று 2024-ல் ஓர் ஆய்வு சொன்னது. எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரபஞ்சம் பிறந்தபோதே உண்டானதாகச் சொல்லப்படும் குட்டிக் கருந்துளைகள் இன்றுவரை ஏட்டில் மட்டும்தான்.

இதில் எதுவும் ஷ்வார்ஸ்சில்டுக்குத் தெரியாது. சூரியனுக்கு 3 கி.மீ. என்று எழுதினார், ஆனால் எந்தப் பொருளும் அவ்வளவு சுருங்காது என்று நினைத்தார். 1939-ல் ஐன்ஸ்டைனும் அதையேதான் வாதிட்டார். அதே வருஷம், பெரிய நட்சத்திரம் தன் எடையிலேயே நொறுங்கிச் சுருங்கும் என்று ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் காட்டினார்கள்.

போர்முனையிலேயே ஷ்வார்ஸ்சில்டைப் பெம்ஃபிகஸ் என்ற தோல் நோய் தாக்கியது. உடலெங்கும் வலிமிகுந்த கொப்புளங்கள். அன்று அதற்கு மருந்து கிடையாது. 1916 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மே 11-ல் இறந்தார். அந்த மாதங்களில்கூட குவாண்டம் இயற்பியலில் ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தார்.

மகன் மார்ட்டினுக்கு அப்போது நாலு வயசுகூட நிரம்பவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய அவர், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நட்சத்திரங்கள் எப்படி முதுமையடைகின்றன என்று ஆராய்ந்தார். 1997-ல் காலமானார். எம்87 கருந்துளையின் நிழலை உலகம் படமாகப் பார்த்தது 2019-ல்.