டர்பன் இல்லத்து வாயிற்கதவு

1898ஆம் ஆண்டில் காந்தியடிகள் மகாத்மாவாக அறியப்படவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நல்ல வருவாயுடன் வாழ்ந்த, முப்பது வயதை எட்டாத பாரிஸ்டர் அவர். அவருடைய குமாஸ்தாக்களில் சிலர் அவரது இல்லத்திலேயே குடும்பத்தினரைப்போல் தங்கியிருந்தனர்.

அவ்வீடு மேனாட்டு முறையில் கட்டப்பட்டது. அறைகளிலிருந்து கழிவுநீர் வெளியேற வழி கிடையாது. எனவே ஒவ்வோர் அறையிலும் சிறுநீருக்கென ஒரு கலம் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்வதை வேலையாளிடம் விடாமல் காந்தியும் கஸ்தூரிபாவுமே செய்துவந்தனர். வீட்டோடு பழகிவிட்ட குமாஸ்தாக்கள் தத்தம் கலத்தைத் தாமே கழுவிக்கொள்வர்.

அந்நிலையில் புதிதாக ஒரு குமாஸ்தா வந்து சேர்ந்தார். அவர் கிறிஸ்தவர், பஞ்சமர் எனப்பட்ட பெற்றோருக்குப் பிறந்தவர். மற்றவர்களின் கலங்களைக் கழுவிய கஸ்தூரிபாவுக்கு இவருடையதைத் தொட மனம் இசையவில்லை. கணவர் அதைச் சுமப்பதைக் காணவும் பொறுக்கவில்லை. முடிவில் தாமே அதை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். சினத்தால் சிவந்த கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

நாம் சற்று நிதானிக்க வேண்டிய இடம் இதுவே. தீண்டாமையை ஏற்க மறுத்ததில் நியாயம் முழுவதும் காந்தியின் பக்கமே இருந்தது. அவர் விரும்பிய பணியும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது அவருக்குப் போதவில்லை. மனைவி அதை முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என எதிர்பார்த்தார். தம்மை அவருடைய ஆசிரியராகவும் எண்ணியிருந்தார். எனவே குரலை உயர்த்தி, இத்தகைய அறிவீனத்தைத் தம் வீட்டில் பொறுக்க இயலாது என்று கத்தினார்.

தம் வீடு என்ற அச்சொல் கஸ்தூரிபாவை அம்பெனத் துளைத்தது. வீட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும், தம்மைப் போகவிடட்டும் என்று அவரும் பதிலுக்குக் கத்தினார். காந்தி மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று, வெளியே தள்ளும் எண்ணத்துடன் கதவைத் திறந்தார். அந்நிய நாட்டில் பெற்றோரோ உற்றாரோ இன்றித் தாம் எங்கே போவது என்றும், அவருக்கு வெட்கமே இல்லையா என்றும் கஸ்தூரிபா அழுதவாறு கேட்டார். பிறர் காணுமுன் கதவைச் சாத்துமாறும் சொன்னார். காந்தி வெளியே வீறாப்புக் காட்டினாலும் உள்ளே வெட்கினார். கதவைச் சாத்தினார்.

இது முதல் முறையன்று. 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியபின் சந்தேகத்தின் காரணமாக ஒருமுறை மனைவியைப் பிறந்தகத்திற்கு அனுப்பிவிட்டு, அவர் மிகவும் துன்புற்ற பிறகே திரும்ப ஏற்றுக்கொண்டவர் அவர்.

டர்பனில் ஏற்பட்ட வெட்கமும் அவரை ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. மனைவி கணவனின் ஏவலுக்குப் பிறந்தவள் என்ற எண்ணம் மெல்ல மெல்லவே அகன்றது. 1913இல் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் கஸ்தூரிபா சிறை புகுந்தார். மாணவியாகக் கருதப்பட்டவர் போராட்டத் தோழியாகிவிட்டார்.

1925இல் ‘நவஜீவன்’ இதழில் காந்தியடிகள் தம் வாழ்க்கையைத் தொடராக எழுதத் தொடங்கினார். அதில் இந்நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதி, குற்றத்தைத் தம்மீதே சுமத்திக்கொண்டார். கஸ்தூரிபா அப்போது உயிரோடிருந்தார். நாடு முழுவதும் படிக்கும் ஏட்டில் அவருடைய கண்ணீரும் அச்சேறியது என்பதை எண்ணும்போது நமக்குச் சிறு சங்கடம் எழாமல் இல்லை.

சினம் அவரிடம் மீண்டும் தலைகாட்டியதும் உண்டு. 1938இல் ஒரிஸாவில் ஹரிஜனங்களுக்கு அனுமதியில்லாத பூரி ஜகந்நாதர் ஆலயத்திற்குக் கஸ்தூரிபா சென்றுவிட்டார். காந்தியடிகள் கொதித்தார், உடல்நிலையும் பாதிக்கப்பட்டது. கொள்கை அதேதான், மனத்தாங்கலும் அதேதான். ஆனால் இம்முறை மனைவிக்கு உரியபடி எடுத்துச்சொல்லத் தவறிய குறையைத் தம்மிடமும் கண்டார்.

1944 பிப்ரவரி 22 அன்று புனே ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா காந்தியடிகளின் மடியில் உயிர்நீத்தார். மறுநாள் வளாகத்திலேயே சிதை மூட்டப்பட்டது. அறைக்குச் சென்று ஓய்வெடுக்குமாறு உடனிருந்தவர்கள் வேண்டினர். காந்தியடிகள் எழவில்லை. அறுபதாண்டுகளுக்கும் மேல் உடன் வாழ்ந்தவரை இறுதி நேரத்தில் விட்டுச்செல்ல மனமின்றி அங்கேயே அமர்ந்திருந்தார்.