உபரி வருவாய் யாருக்கு உரியது?

வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறை ஏற்பட்டால் என்ன செய்வது என்று நாம் நிறையவே விவாதிக்கிறோம். உபரி ஏற்பட்டால் என்ன செய்வது என்பதை விவாதிப்பதில்லை. அதற்கான வாய்ப்பும் அரிதாகவே அமைகிறது. தமிழ்நாடு கடைசியாக வருவாய் உபரி கண்டது 2011-12, 2012-13 நிதியாண்டுகளில்தான். ஆயினும் அந்தக் கேள்விக்கான விடையை, பற்றாக்குறைக் காலத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு நம் மண்ணில் அதற்கு விடை தேடியவர் சர் தாமஸ் மன்றோ.

1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த மன்றோ, தந்தையின் வணிகம் நொடித்ததால் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, 1780-இல் சென்னை வந்தார். ஹைதர் அலியையும் திப்பு சுல்தானையும் எதிர்த்த போர்களில் பங்கேற்றார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலம், நாமக்கல் சமவெளியும் கம்பெனி வசமாயின. அவற்றை நிர்வகிக்கும் பொறுப்பு கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. ரீடின் உதவியாளர்களுள் ஒருவராகத் தருமபுரியில் தங்கிய மன்றோ, 1799 வரை ஊர் ஊராகச் சென்று நிலம் அளந்து, வரி விதிக்கும் பணியில் ஈடுபட்டார்.

அது பெரும்பாலும் மானாவாரிப் புன்செய் நிலம். கிணறு வெட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தால்தான் தோட்டப் பயிர் விளையும். அப்படிப் பாடுபட்டு விளைவித்தால், தோட்டத்துக்குரிய கூடுதல் வரி வந்து நிற்கும். எனில், உழவர் எதற்காகக் கிணறு வெட்ட வேண்டும்? 1796-இல் ரீட் வெளியிட்ட அறிவிப்பு இதற்கு விடை சொன்னது. உழவர் தம் செலவில் நிலத்தைத் திருத்தினால், அதனால் பெருகும் விளைச்சலுக்காக வரி உயர்த்தப்படாது என்பதே அதன் சாரம். விளைச்சலில் கூடுவதை உழவரிடமே விட்டுவைத்தால் அது மீண்டும் நிலத்துக்கே திரும்பும் என்ற பாடத்தை மன்றோ கற்றது இந்தப் பணியில்தான்.

ரீடும் மன்றோவும் சென்ற பிறகு சேலத்தில் காட்சி மாறியது. வங்காளத்தின் நிரந்தர நிலவரித் திட்டத்தைப் பின்பற்றி, நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. நிர்ணயித்த தொகையைச் செலுத்த இயலாமல் மிட்டாதார்கள் பலர் நிலுவையில் வீழ்ந்தனர். மிட்டா என்ற சொல் இன்றும் இம்மாவட்டங்களின் ஊர்ப் பெயர்களிலும் பழைய ஆவணங்களிலும் எஞ்சியிருக்கிறது.

1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பை உள்ளிட்ட ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களின் ஆட்சியராக இருந்த மன்றோ, அங்கு நிலவரி வருவாயை ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்த்தினார். வேறொருவராக இருந்தால் அந்தச் சாதனையைக் காட்டிப் பதவி உயர்வு கேட்டிருப்பார். மன்றோவோ வரியைக் குறைக்கச் சொன்னார். பொதுவாக 25 விழுக்காடும், ஏரி, கிணற்றுப் பாசன நிலங்களுக்கு மேலும் 8 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்று 1807-இல் பரிந்துரைத்தார். விளைச்சலில் பாதியை நெருங்கும் வரியைச் செலுத்தும் உழவரிடம், அடுத்த பருவத்துக்கான மாடும் விதையும் வாங்கப் பணம் மிஞ்சாது என்பதே அவரது வாதம். மேலிடம் அதை ஏற்கவில்லை. மாறாக, கிராமங்களைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர்கள் பலர் நொடித்தனர், ஊர்கள் வறுமையுற்றன.

1820-இல் சென்னை மாகாண ஆளுநராகத் திரும்பி வந்த மன்றோ, தாம் முன்பு பரிந்துரைத்த வரிக் குறைப்பை நடைமுறைப்படுத்தினார். அடுத்து, கல்வியின் பக்கம் திரும்பினார். அவர் உத்தரவிட்ட கணக்கெடுப்பு, ஏறத்தாழ 1.28 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததைக் காட்டியது. மாவட்டந்தோறும், வட்டந்தோறும் அரசுப் பள்ளிகள் நிறுவும் திட்டத்தை 1826-இல் அவர் முன்வைத்தார். மறு ஆண்டு ஜூலை 6 அன்று, தமக்குப் பிரியமான அந்த மாவட்டங்களில் விடைபெறும் பயணம் மேற்கொண்டிருந்தபோது, பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். அவர் தொடங்கிய பள்ளிகளும் 1836-இல் கைவிடப்பட்டன.

மன்றோவைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. குறைத்த பின்னரும் அவர் காலத்து வரி விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கடுமையாகவே இருந்தது. இங்கு திரட்டிய பணத்தில் ஒரு பகுதி, கடல் கடந்து செல்லும் சரக்குகளை வாங்கவும் பிற நாடுகளை வெல்லவும் செலவானது. அந்தப் பேரரசின் ஊழியர்தான் அவர். ஆயினும், கருவூலம் நிறைவதும் நாடு செழிப்பதும் ஒன்றல்ல என்று, கருவூலத்தை நிறைத்தவரே எடுத்துரைத்தது கவனிக்கத்தக்கது.

அவர் வாழ்விலிருந்து நமக்கு ஒரு வரிசைமுறை கிடைக்கிறது. உபரி வரும் ஆண்டில், உற்பத்தியை முடக்கும் சுமை எதுவென்று கண்டு, அதை முதலில் குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பு நிலையானதாகவும் அனைவருக்கும் பொதுவானதாகவும் இருக்க வேண்டும். வேண்டியவர்களுக்கு மட்டும் வழங்கும் தள்ளுபடியாக இருத்தல் ஆகாது. அடுத்து, பள்ளி, பாசனம் போன்று தலைமுறைகளுக்குப் பயன்தரும் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பெருங்கடன் சுமக்கும் இன்றைய மாநிலம், கடனின் ஒரு பகுதியையும் அடைக்க வேண்டும். ஓர் ஆண்டின் நல்ல மழையை நம்பி, ஆண்டுதோறும் தொடரும் செலவுகளை அறிவித்துவிடுவது மட்டும் கூடாது.

சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று கிணறு வெட்டும் உழவருக்குப் பதிலாக விசைத்தறி உரிமையாளரும், கோழிப் பண்ணையாளரும், லாரி உரிமையாளரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். கூடுதலாக உழைத்தால் மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் அந்தக் கணக்கு. அடுத்த முறை உபரி என்ற சொல் சட்டப்பேரவையில் ஒலிக்கும்போது, நிதியமைச்சர் முதலில் பார்க்க வேண்டியதும் இந்தக் கணக்கைத்தான்.