மூளையின் மின்னலை கண்ட ஹான்ஸ் பெர்கர்

கல்லீரல் பழுதுற்ற நோயாளி சிலர் பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பர். பெயரைக் கேட்டாலும் தயங்கியே விடை கூறுவர். அம்மோனியா முதலிய நச்சுக்கள் இரத்தத்தில் மிகுந்து மூளையை மந்தமாக்குவதே காரணம். இரத்தத்திற் சர்க்கரை மிகக் குறையினும், சிறுநீரகம் கெடினும் மூளை இவ்வாறே தளரும். அவ்வேளை மருத்துவர் தலையிற் கம்பிகள் பொருத்தி எடுக்கும் இ.இ.ஜி. என்னும் மின்னலைப் பதிவை நம் குடும்பத்தாருள் சிலரேனும் கண்டிருப்பர். அதனை மனிதனிடத்து முதன்முதல் எடுத்தவர் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர். அவர் வாழ்க்கையைச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

1873 மே 21ஆம் நாள் கோபர்க் நகரை அடுத்த நொய்செஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மருத்துவர். தாய்வழிப் பாட்டனார் பிரீட்ரிக் ரூக்கெர்ட் புகழ்பெற்ற கவிஞர். வடமொழியிலுள்ள நளன் கதையை ஜெர்மன் மொழியிற் பாடியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

முதலிற் கணிதமும் வானநூலும் பயில எண்ணிய பெர்கர், அதனை விடுத்துக் குதிரைப்படையிற் சேர்ந்தார். பயிற்சியின்போது ஒருநாள் குதிரை நிலைதடுமாற, பீரங்கி வண்டியின் பாதையில் வீழ்ந்தார். சக்கரம் ஏறுமுன் வண்டி நின்றது, உயிர் தப்பியது. அன்று மாலையே அவர் நலம் வினவித் தந்தையாரிடமிருந்து தந்தி வந்தது. தம்பிக்குத் தீங்கு நேர்ந்ததென்று வீட்டிலிருந்த தமக்கைக்கு மனத்திற் பட்டதாம். தந்திக் கம்பத்தின் நிழலில் வயிறு வளர்த்த இருப்புப்பாதைக் குலத்தைச் சேர்ந்த நாம், கம்பியின்றிச் செய்தி வந்ததென்பதை எளிதில் ஒப்போம். தற்செயல் என்றே கொள்வோம். பெர்கரோ அவ்வாறு கொள்ளவில்லை. எண்ணம் ஓர் ஆற்றலாயின் அதனை அளக்கவும் கூடுமன்றோ என்ற வினா அவரை மருத்துவக் கல்விக்கு ஈர்த்தது.

1897இல் யேனா நகரின் மனநோய் மருத்துவமனையிற் சேர்ந்தார். மூளையில் நிகழும் இரசாயன மாற்றத்தினால் விளையும் ஆற்றலுள் ஒரு பகுதி வெப்பமாகவும், ஒரு பகுதி மின்சாரமாகவும், எஞ்சியது எண்ணமாகவும் மாறும் என்பது அவர் கணக்கு. மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தார். வெப்பத்தை அளந்து 1910இல் நூலும் வெளியிட்டார். இரண்டும் அவர் தேடியதைத் தரவில்லை.

எஞ்சியது மின்சாரம். விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்று இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேட்டன் 1875இலேயே காட்டியிருந்தார். மனித மூளையின் மின்சாரமோ வோல்ட்டின் இலட்சத்தில் சில பங்கே. 1919இல் மருத்துவமனைத் தலைவரான பெர்கர், பகலிற் கடமை முடித்து, உடனுழைப்போரும் அறியாவண்ணம் ஆய்வு நடத்தினார். 1924 சூலை 6ஆம் நாள், அறுவை மருத்துவத்தால் மண்டையோட்டில் ஒரு பகுதி நீங்கியிருந்த பதினேழு வயது இளைஞனிடம் மின்னோட்டமானியின் அசைவைக் கண்டார்.

கண்டதை உடனே வெளியிட்டாரல்லர். இது நாடித் துடிப்போ, தசை அசைவோ, கருவியின் குற்றமோ என்று ஐயுற்று ஐந்தாண்டுகள் சோதித்தார். மகன் கிளௌஸின் தலையிலும் பலமுறை பதிவெடுத்தார். கண்மூடி அமைதியாய் இருக்கையில் வினாடிக்குப் பத்தளவில் எழும் அலை, கண் திறந்தாலும் கணக்குப் போட்டாலும் மறைவதைக் கண்டார். அதற்கு ஆல்பா எனப் பெயரிட்டார். 1929இல் கட்டுரை வெளிவந்தபோது நம்பியவர் சிலரே. 1934இல் கேம்பிரிட்ஜின் ஏட்ரியன் மெய்யென்று காட்டிய பின்னரே உலகம் செவிசாய்த்தது.

மற்றொன்றையும் மறைத்தல் தகாது. நாஜி ஆட்சியில், மக்களுக்குக் கட்டாயக் கருத்தடை விதித்த மரபுநோய் நீதிமன்றத்தில் இவர் அமர்ந்து தீர்ப்பளித்தார். நாஜிகளால் துன்புற்றவர் என்று நெடுநாள் எழுதப்பட்டது பிழையென்பதை ஆவணங்கள் காட்டியுள்ளன. ஆய்விற் காட்டிய ஐயத்தை அந்த ஆசனத்தில் அவர் காட்டவில்லையே என்பது நம் வருத்தம். 1938இல் ஓய்வு பெற்றார். மனச்சோர்வு முற்றி, 1941 சூன் 1ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

எண்ணத்தின் ஆற்றல் அவருக்கு அகப்படவேயில்லை. ஆயினும் அவர் முதலில் எண்ணிய மூளையின் இரசாயனம் அப்பதிவிலேயே தெரியலாயிற்று. உடற்கேட்டால் மூளை தளருங்கால் பத்தளவில் எழும் அலை ஏழு, ஐந்து என்று மெதுவாகி, மயக்கம் மிகின் வினாடிக்கு நான்கினுங் குறையும். 1950இல் அமெரிக்க மருத்துவர் போலியும் உடனாய்வாளரும் கல்லீரல் மயக்கத்திற் கண்ட தனி அலைக்கு, 1955இல் பிக்போர்டும் பட்டும் மும்முக அலை என்னும் பொருளிற் பெயரிட்டனர். கல்லீரலுக்கே உரியதென்று முதலிற் கருதப்பட்ட அது சிறுநீரகக் கேட்டிலும் பிறவற்றிலும் தோன்றுவது பின்னர்த் தெரிந்தது. ஆதலின் இரத்தப் பரிசோதனையையும் உடன்வைத்தே மருத்துவர் நோயைத் துணிவர். மருந்து பலித்து நோயாளி தெளியுங்கால், அலையும் சிறிது சிறிதாய் விரைந்து பழைய பத்தை நாடும்.