போரின் வேரைத் தேடிய பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா

வடுகபட்டிக்குத் தென்கிழக்கே, நெடுந்தொலைவு என்று சொல்ல இயலாத இடத்தில் அமைந்துள்ளது டி. கல்லுப்பட்டி. இன்று இவ்விரண்டு ஊர்களும் வேறுவேறு மாவட்டங்களில் இருப்பினும், தேனி மாவட்டம் பிரிக்கப்படும்வரை இரண்டுமே மதுரை மாவட்டத்து ஊர்கள்தாம். அக்கல்லுப்பட்டியின் காந்திநிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. கதருக்கும் கைத்தொழிலுக்கும் உழைத்தவர் என்ற அளவில் அவர் பெயரை நம் மாணவர்கள் கேட்டிருக்கக் கூடும். போர் எங்கே பிறக்கிறது, வல்லரசின் கை எளிய நாட்டின் வாயை எவ்வாறு அடைக்கிறது என்னும் வினாக்களுக்கு விடை தேடியவர் அவர் என்பதைப் பலர் அறியார். அவ்விடையைக் கருதியே அவர்தம் வாழ்வை இங்கு எண்ணிப் பார்க்கிறோம்.

பிறப்பும் கல்வியும்

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். இலண்டன் சென்று கணக்காய்வுத் துறையில் தேர்ச்சி பெற்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேலைநாட்டு உடையும் உணவும் பழகிய செல்வ வாழ்க்கை அவருடையது.

1927இல் அமெரிக்கா சென்றார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டம் பெற்றபின், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பொருளியல் பேராசிரியர் செலிக்மனிடம் பயின்றார். அடிமைப்பட்ட நாடொன்றின் வறுமைக்கும் அதனை ஆளும் அரசின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை ஆராயுமாறு அவரை ஊக்கியது அப்பேராசிரியரே. இந்தியரிடம் வாங்கிய வரியில் படைக்கும் நிருவாகத்துக்கும் செல்லும் பங்கு எத்துணைப் பெரிது, கல்விக்கும் நலவாழ்வுக்கும் எஞ்சுவது எத்துணைச் சிறிது என்பதை ஆய்ந்தறிந்தபோது, ஆங்கில ஆட்சியின்பால் அவர் கொண்டிருந்த நம்பிக்கை உடைந்தது. சுதந்திர நாடொன்றின் வகுப்பறையே அடிமை நாட்டின் நிலையை அவருக்கு உணர்த்தியது. பிற்காலத்தில் அமெரிக்க அரசின் போக்கை அவர் கடிந்துரைத்தது அந்நாட்டு மக்கள்மீது கொண்ட வெறுப்பினால் அன்று என்பதை இதனால் அறிகிறோம்.

காந்தியடிகளோடு

1929ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். அவருடைய ஆய்வுரை யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதை அவர் ஏற்றுக்கொண்டதும் அக்காலத்தில்தான். குசராத்தின் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று மக்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். காந்தியடிகள் சிறைப்பட்ட காலத்தில் யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பு இவர்மீது விழுந்தது. அவ்விதழில் எழுதியமைக்காகவே 1931இல் சிறை சென்றார். எழுதும் உரிமைக்குச் சிறை விலையாயின் அவ்விலையைத் தருவதற்கு அவர் தயங்கவில்லை.

அதே ஆண்டில், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடன் கணக்கை ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவுக்கு அவர் அமைப்பாளரானார். ஆப்கானிசுதானம், பர்மா எனப் பல நிலங்களில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் செலவு இந்தியரின் தலையில் ஏற்றப்பட்டிருந்தது. 1917இல் முதல் உலகப்போருக்கென 10 கோடி பவுண்டு இந்தியாவின் நன்கொடை என்னும் பெயரால் பெறப்பட்டிருந்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டதை நன்கொடை என்று சொல்லலாமா? போர் நிகழும் இடம் ஒன்று, அதற்கு விலை கொடுக்கும் இடம் வேறொன்று என்பதை அக்குழுவின் கணக்குகள் காட்டின.

விளக்கெண்ணெயும் கடற்படையும்

1934 இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் உருவானபோது குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவின் மகன்வாடி அதன் இருப்பிடம். காந்தியடிகளின் உறவினர் மகன்லால் காந்தியின் நினைவாக அமைந்த பெயர் அது. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு அங்கு உருவாயிற்று.

அச்சிறு விளக்கில் அவருடைய பொருளியல் முழுவதும் அடங்கியிருந்தது எனலாம். மண்ணெண்ணெய் தொலைநாட்டிலிருந்து வருகிறது. அது வரும் கடல்வழியைக் காக்கக் கடற்படை வேண்டும். அது ஊறும் நிலத்தைத் தன்வயப்படுத்த அரசியல் சூழ்ச்சி வேண்டும். சூழ்ச்சி பலிக்காதபோது படை வேண்டும். ஆகவே, தொலைவிலிருந்து வரும் பொருளை அதன் வரலாறு அறியாது வாங்குபவன், அதன் பின்னுள்ள வன்முறையிலும் பங்காளியாகிறான் என்பது குமரப்பாவின் முடிபு. கொடைக்கானல் மலைச் சிற்றூர்களில் விளையும் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு வருகிறது. அது விளைந்த மலையை வாங்குபவர் அறிவார். விளைவித்தவரை விசாரித்தும் அறியலாம். எண்ணெய்க் கிணற்றைப் பற்றி அவ்வாறு அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்?

சிறையில் பிறந்த நூல்

இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவிலிருந்து பொருள்கள் ஏற்றிச் செல்லப்பட்டன. அவற்றுக்கு ஈடாக இலண்டனில் கடன் பதிவு மட்டுமே வளர்ந்தது. இங்கு நோட்டுகள் அச்சடிக்கப்பட்டு விலைவாசி ஏறியது. போர் முடிவில் அக்கடன் ஏறத்தாழ 130 கோடி பவுண்டை எட்டியது. இடையில் 1943இல் வங்கத்தில் பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர். பொருள் போய்க் காகிதம் வரும் இவ்வாணிகத்தைக் குமரப்பா வெளிப்படையாகக் கண்டித்தார். வெள்ளையனே வெளியேறு இயக்கக் காலத்தில் சபல்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். நிலைத்த பொருளாதாரம் குறித்த அவருடைய பெருநூலும், இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றிய நூலும் அச்சிறையில் எழுதப்பட்டவை. பிற உயிரை அழித்து வாழும் வாழ்க்கை தொடங்கி, குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் தொண்டு வரை பொருளியலை ஐந்து நிலைகளாக அவர் வகுத்தார். கடைநிலையில் நிற்கும் அரசுகளே போரின்றி வாழ இயலாதவை என்று காட்டினார்.

உதவி என்னும் கயிறு

நாடு விடுதலை பெற்றபின் காங்கிரசு அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவின் தலைவராக உழைத்தார். ஆயினும் புதிய ஆட்சியினரோடு அவர் முரண்பட நேர்ந்தது. அமெரிக்க உதவியோடு 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டங்களை அவர் ஐயத்தோடு நோக்கினார். அந்நியப் பணத்தால் எழும் கிராமம் அந்நியனின் விருப்பத்துக்கே வளையும் என அஞ்சினார்.

அவ்வச்சம் வீணானதன்று. கொரியப் போரில் இந்தியா மேற்கொண்ட நிலைப்பாட்டை விரும்பாத அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பலர், 1951இல் இந்தியாவுக்கான 20 இலட்சம் டன் கோதுமைக் கடனை மாதக்கணக்கில் இழுத்தடித்தனர். குமரப்பா மறைந்தபின் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து நாடு பசித்திருந்தபோது, அதிபர் ஜான்சன் தானியக் கப்பல்களைச் சிறிது சிறிதாகவே விடுத்தார். நம் வேளாண் கொள்கையை மாற்றுவிப்பது ஒரு நோக்கம். வியத்நாமில் அமெரிக்கா நடத்திய குண்டுவீச்சை இந்தியா கண்டித்ததன் மீதான சினம் மற்றொன்று. 1966இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்த நாட்டினால், அநீதியை அநீதி என்று உரக்கச் சொல்ல எவ்வாறு இயலும்? பள்ளிகளில் அமெரிக்கப் பால்பொடியும் கோதுமை உணவும் உண்டு வளர்ந்த பெரியோர் நம்மிடையே உள்ளனர். அவ்வுணவு குழந்தைகளின் பசியைத் தணித்தது மெய். அதன் மறுமுனையில் ஒரு கயிறு இருந்ததும் மெய்.

அவரிடம் ஒரு குறை

குமரப்பா 1951இல் பண்டித சுந்தர்லால் தலைமையிலான நல்லெண்ணக் குழுவில் சீனா சென்றார். பின்னர்ச் சோவியத் நாட்டையும் கண்டார். அமெரிக்காவில் அது பொதுவுடைமை அச்சம் மேலோங்கிய காலம். அணுகுண்டுக்கு எதிராக இயங்கியமைக்காக 83 வயதுக் கறுப்பின அறிஞர் தூபாய் 1951இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டார். அமைதியை வேண்டுவதே குற்றமாகக் கருதப்பட்ட அந்நாளில், குமரப்பாவும் பொதுவுடைமையாளர் என்ற பழிக்கு ஆளானார். ஆனால் சீனத்தின் நிலச்சீர்திருத்தத்தை வியந்த அவர் கண்ணில், மாற்றுக் கருத்தினர்க்கு அங்கு நேர்ந்த ஒடுக்குமுறை போதிய அளவு படவில்லை. ஒரு வல்லரசின் தவற்றைக் காண்பவர் மற்றொன்றின் தவற்றையும் அதே கண்ணால் காணுதல் வேண்டும். அவரைப் போற்றும் நாம் இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

இறுதிக் காலமும் நமக்குரிய பாடமும்

உடல்நலம் குன்றிய நிலையில் கல்லுப்பட்டிக்கு வந்த குமரப்பா, அங்கும் சிற்றூர்ப் பணிகளை விட்டாரில்லை. 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மதுரையில் மறைந்தார். காந்தியடிகள் சுடப்பட்டு இறந்ததும் அதே நாளில்தான்.

அவர் மறைந்து 30 ஆண்டுகள் கழித்துக் குவைத்தை ஈராக் கைப்பற்றியதும், 1991இல் அமெரிக்கா தலைமையில் பல நாட்டுப் படைகள் ஈராக்கைத் தாக்கியதும் நாம் அறிந்தவை. அங்கு உழைத்த இந்தியர் 1,70,000 பேருக்கு மேல் அனைத்தையும் இழந்து விமானத்தில் ஊர் திரும்பினர். 2001 செப்டம்பரில் அமெரிக்கா கொடிய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதன்பின் இயற்றிய சட்டத்தால் அவ்வரசு தன் குடிமக்களையே வேவு பார்க்கும் அதிகாரத்தைப் பெருக்கிக்கொண்டது. 2002இல் குவாண்டனாமோவில் விசாரணையின்றி மனிதரை அடைத்தது. பேரழிவு ஆயுதங்கள் உண்டென்று சொல்லி 2003இல் ஈராக்கில் புகுந்தது. அவ்வாயுதங்கள் அங்கு இல்லை. வெளியே போரும் உள்ளே உரிமைப் பறிப்பும் உடன்பிறந்தவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வல்லரசை மேடையில் ஏசுவது எளிது. குமரப்பா அதனோடு நிற்கவில்லை. தம் விளக்கில் எரியும் எண்ணெயிலிருந்து தொடங்கினார். நாமும் நம் அடுப்பில், நம் வண்டியில், நம் கடைத்தெருவில் உள்ள பொருள் எந்நாட்டிலிருந்து, யார் உழைப்பால், யாருடைய கண்ணீரைக் கடந்து வந்தது என்று கேட்கப் பழகுதல் வேண்டும். அக்கேள்விக்கு விடை தேடும் மாணவர் ஒருவர் நம் கல்லூரியிலிருந்து உருவானாலும், கல்லுப்பட்டியில் வாழ்ந்த அப்பெரியாருக்கு நாம் பட்ட கடனில் சிறிது தீரும்.