கொடுமுடி கோகிலமும் நாடக மேடைப் பெண்களும்

காவிரி கிழக்கே திரும்பும் கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள். இளமையில் அவரறிந்த செல்வம் குரல் ஒன்றே. ரயில் வண்டியில் பாடி, பயணிகள் தந்த காசில் பசியாறிய சிறுமியின் இசையைக் கேட்டு வியந்தவர் ரயில்வே அதிகாரியும் நாடக அன்பருமான எப்.ஜி.நடேச ஐயர். அவருடைய முயற்சியால் வேலு நாயரின் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. முதல் வேடம் நல்லதங்காளின் மூத்த மகன். பசி தாளாமல் தாயிடம் கதறி, பின்னர் அத்தாயின் கையாலேயே கிணற்றில் வீழும் பிள்ளை. அவ்வேடத்திற்குப் பாட்டைக் கற்பித்திருப்பார்கள். பசியைக் கற்பிக்க வேண்டியிருந்திராது.

அந்நாளைய இசை நாடகங்கள் பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்த வழியில் நடந்தவை. அவற்றில் வரும் பெண்களை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். சந்திரமதி கணவனின் சத்தியத்திற்காக விலைக்கு விற்கப்படுகிறாள். சாவித்திரி எமன் பின்னே நடக்கிறாள். நல்லதங்காள் ஏழு மக்களோடு மாள்கிறாள். பெண் எவ்வளவுக்குத் துன்புறுகிறாளோ அவ்வளவுக்குக் கொட்டகையில் கண்ணீரும் கைதட்டலும் பெருகின. ஆனால் அவ்வேடங்களைப் பெண்களே புனைந்தபோது ஊர் அவர்களைக் கூத்தாடிகள் என்று இழித்தது. பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் மீசை முளைக்காத சிறுவர்களே ஏற்றனர். சந்திரமதியைக் கையெடுத்துக் கும்பிட்ட கூட்டம், சந்திரமதியாக நடித்தவளைத் தன் வீட்டுத் திண்ணையில் அமர விட்டிராது. திண்ணையில் அமர இயலாமை எத்தகையது என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவர்களுள் வள்ளி ஒருத்தியே வேறுபட்டவள். தினைப்புனத்தில் வேலன் தொடுக்கும் கேள்விகளுக்கெல்லாம் அவள் மறுமொழி கூறுவாள். வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் தனித்தனியே வந்து, ஒத்திகையின்றி மேடையிலேயே சந்திக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் இத்தர்க்கம் பெரும்பாலும் சமயோசிதமாகவே நடக்கும். ஸ்திரீபார்ட் நடிகை ராஜபார்ட்டை மடக்கலாம். மடக்கினால் கொட்டகை அதிரும். இறுதியில் யானையைக் கண்டு அஞ்சி வள்ளி கிழவரைத் தழுவிக்கொள்வது கதையின் முடிவு. எனினும் அதற்கு முன்பு நெடுநேரம் ஒரு பெண் பொதுமேடையில் ஆணுக்குச் சரிநிகராக வாதாடினாள். சுந்தராம்பாளின் வள்ளி பெரும்புகழ் பெற்றது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் இக்காட்சியை நடிக்க ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்தபோது, நாரதர் வேடமாயின் சம்மதம், வள்ளி வேண்டாம் என்றார் அவளுடைய தந்தையார். இது நடந்து அதிக நாள் ஆகவில்லை.

1926இல் இலங்கையில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவைச் சுந்தராம்பாள் மேடையில் சந்தித்தார். எட்டுக்கட்டைக் குரல்கள் இரண்டும் இணைந்தன. அடுத்த ஆண்டு வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பா முன்பே மணமானவர். பிறந்த குழந்தை தங்கவில்லை. மனவேறுபாடும் பிரிவும் நேர்ந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளைப் புடவை உடுத்தினார், அணிகலன் துறந்தார், ஆண் நடிகருடன் ஜோடியாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார்.

அதன்பின் ஊர் அவரைக் காணும் விதமே மாறியது. கூத்தாடி என்ற சொல் மறைந்து அம்மையார் என்ற சொல் வந்தது. குரல் அதே குரல்தான். மாறியது புடவையின் நிறம். அவருடைய துறவு அவராகவே தேர்ந்தது; அதைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு கலைஞருக்குரிய மதிப்பை அக்கோலம் கண்ட பிறகே அளித்த சமுதாயத்தைக் குறை கூறலாம்.

இரண்டாண்டுகள் கழித்து, 1935இல், நந்தனார் திரைப்படத்தில் நடித்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்று நாடெங்கும் பேச்சு. ஏற்றது நந்தன் வேடம். ஆம், ஆண் வேடம். வேதியராகத் தோன்றியவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நந்தனைக் கொடுமைப்படுத்தும் அவ்வேதியர் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் சரித்திரக் கீர்த்தனையில் படைத்தது. நந்தன் நெருப்பில் மூழ்கித் தூய்மை பெற்றான் என்னும் முடிவை நம் மக்கள் ஏற்பதற்கில்லை. சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் சுவாமி சகஜானந்தர் 1916இல் பள்ளி தொடங்கியது அந்நெருப்புக்கு அளித்த விடை என்றே நான் கருதுகிறேன். இருப்பினும், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் ஏக்கத்தை, கொட்டகைக்கு வெளியே மதிப்பிழந்து நின்ற இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் பாடியது பொருத்தமே.

பின்னர் அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்துவோம். 1940இல் துறவியான மணிமேகலை. 1953இல் ஜெமினியின் ஔவையார். 1964இல் பூம்புகாரில் கவுந்தி அடிகள். அடுத்த ஆண்டு திருவிளையாடலில் மீண்டும் ஔவை. காதலியாகவோ மனைவியாகவோ ஒன்றுகூட இல்லை. ஆணாக, துறவியாக, கிழவியாக மட்டுமே அவர் மக்கள் முன் நின்றார். ஔவையாக அவர் கோலூன்றி நடந்தபோது வயது நாற்பத்தைந்து.

காங்கிரசு மேடைகளில் விடுதலைப் பாடல்கள் பாடியதும், சத்தியமூர்த்தியுடன் ஊர் ஊராகச் சென்றதும், 1950களில் சட்ட மேலவை உறுப்பினரானதும் பலரறிந்தவை. 1970இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980இல் அவர் மறையும்வரை அந்த வெள்ளைப் புடவை மாறவில்லை.