ஒரு சிறு திருத்தம் கேட்ட வழக்கறிஞர்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 21ஆம் நாள் அனைத்துலகத் தாய்மொழி நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சுவரொட்டிகள் ஒட்டுகிறோம், பேச்சுப் போட்டி நடத்துகிறோம், சமூக ஊடகங்களில் வாழ்த்துகளைப் பகிர்கிறோம். அந்த நாள் 1952இல் டாக்கா நகரில் மாணவர்கள் சுடப்பட்டதை நினைவுகூர்கிறது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பாகிஸ்தானின் உயரிய மன்றத்தில் எழுந்து நின்று வங்க மொழிக்காகக் குரல் கொடுத்த ஒரு வழக்கறிஞரைப் பற்றி வங்காளதேசத்துக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அவர் பெயர் தீரேந்திரநாத் தத்தா.

அவர் அன்று கேட்டது மிகச் சிறிய திருத்தம். அது தோற்றுப்போனது. அந்தத் தோல்வியின் கதைதான் இது.

நீதிமன்றத்திலிருந்து சட்டமன்றத்துக்கு

தீரேந்திரநாத் தத்தா 1886 நவம்பர் 2ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தின் பிராமண்பாரியா வட்டாரத்தில் உள்ள ராம்ராயில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை முன்சீப் நீதிமன்றத்தில் பணிபுரிந்தவர். ஆகவே மனு, வழக்கு, சாட்சி போன்ற சொற்கள் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

நபிநகரிலும் கொமில்லாவிலும் படித்துவிட்டு, கல்கத்தாவின் ரிப்பன் கல்லூரியில் பட்டமும் சட்டமும் பயின்றார். அவர் கல்லூரி மாணவராக இருந்த காலத்தில்தான், 1905இல், ஆங்கிலேய அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. அதை எதிர்த்து எழுந்த போராட்டம் அந்தத் தலைமுறை இளைஞர்கள் பலரை அரசியலுக்கு இழுத்தது. தத்தாவும் அவர்களில் ஒருவர்.

சிறிது காலம் பள்ளி ஆசிரியராக வேலை செய்த பிறகு, 1911இல் கொமில்லா நீதிமன்றத்தில் வழக்கறிஞராகச் சேர்ந்தார். கொமில்லா பெருநகரம் அல்ல. சுற்றிலும் நெல்லும் சணலும் விளையும் கிராமங்கள். அப்படிப்பட்ட வட்டாரத்தில் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் நிலமும் கடனும் பெரும் இடம் பிடிக்கும். கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே நிலத்தை இழந்த ஏழைகள் அங்கு இருந்தார்கள். தத்தா பின்னாளில் மொழியைப் பற்றிப் பேசியபோது அந்த விவசாயிகளைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

காந்தியடிகளின் வழியில் ஈர்க்கப்பட்டு, நண்பர்களுடன் சேர்ந்து முக்தி சங்கம் என்ற சமூக நல அமைப்பைக் கொமில்லாவில் தொடங்கினார். 1937இல் வங்காள மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குத்தகை விவசாயிகளின் உரிமை, வட்டிக்குக் கடன் கொடுப்போரைக் கட்டுப்படுத்துவது ஆகியவை தொடர்பான சட்டங்களில் அவர் ஈடுபாடு காட்டினார். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கெடுத்துச் சிறை சென்றார்.

போகாமல் நின்றவர்

1947இல் நாடு பிரிந்தது. கொமில்லா பாகிஸ்தானின் கிழக்குப் பகுதிக்குள் வந்தது. தத்தா காங்கிரஸ்காரர், இந்து சமயத்தவர், பிரிவினையை விரும்பாதவர். அவரைப் போன்ற பல குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டன. படித்த வழக்கறிஞரான அவர் அங்கே போயிருந்தால் பிழைப்புக்குக் குறை இருந்திருக்காது.

அவர் போகவில்லை. பிறந்த மண் எந்த நாட்டுக்குள் வந்ததோ அந்த நாட்டின் குடிமகனாக வாழ முடிவு செய்தார். பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய மன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினராக அமர்ந்தார். மன்றம் கூடிய இடம், தலைநகராக இருந்த கராச்சி. கொமில்லாவிலிருந்து அங்கு செல்ல, நடுவில் இந்தியா முழுவதையும் கடக்க வேண்டும். ஒரே நாட்டின் இரு பகுதிகள் ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட தூரத்தில் பிரிந்து கிடந்தன.

இரண்டு சொற்கள்

1948 பிப்ரவரியில் மன்றம் தன் நடைமுறை விதிகளைப் பற்றி விவாதித்தது. உறுப்பினர்கள் உருதுவிலோ ஆங்கிலத்திலோ பேச வேண்டும் என்று 29ஆவது விதி சொன்னது. தத்தா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆங்கிலம் என்ற சொல்லுக்குப் பிறகு, அல்லது வங்காளம் என்ற இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். பிப்ரவரி 25ஆம் நாள் அது விவாதத்துக்கு வந்தது.

அவர் தம் வாதத்தை ஒரு வழக்கறிஞரைப் போலவே அடுக்கினார். உணர்ச்சிக்கு முன்னால் கணக்கை வைத்தார். பாகிஸ்தானின் மொத்த மக்கள் 6 கோடியே 90 லட்சம் பேர். அவர்களில் 4 கோடியே 40 லட்சம் பேர் வங்க மொழி பேசுகிறார்கள். அப்படியானால், நாட்டின் பெரும்பான்மையினர் பேசும் மொழிக்கு நாட்டின் மன்றத்தில் இடம் இருக்க வேண்டாமா என்பதே அவர் கேள்வி.

அடுத்து, கிராமத்து விவசாயியை மன்றத்துக்குள் கொண்டுவந்தார். டாக்கா பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்ப அந்த விவசாயி அஞ்சலகத்துக்குப் போகிறார். மணியார்டர் பாரம் உருதுவில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடித் தொலைவிலுள்ள நகரத்துக்கு அவர் அலைய வேண்டியிருக்கிறது. இன்னொருவர் நிலம் வாங்கவோ விற்கவோ முத்திரைத்தாள் வாங்குகிறார். அதன் மதிப்பு உருதுவிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகியிருப்பதால், கொடுத்த காசுக்குச் சரியான தாள்தான் கிடைத்ததா என்று அவருக்குத் தெரியாது. 37 ஆண்டுகளுக்கு முன்பு கொமில்லா நீதிமன்றத்தில் வேலையைத் தொடங்கிய ஒருவருக்கு இவை கற்பனைக் கதைகள் அல்ல.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த வாதம் முழுவதையும் தத்தா ஆங்கிலத்தில்தான் முன்வைத்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். வங்க மொழி இல்லாமல் அவருடைய பேச்சு நின்றுபோய்விடாது. ஆகவே அவர் கேட்டது தமக்காக அல்ல, ஆங்கிலமும் உருதும் தெரியாதவர்களுக்காக. உருதுவை நீக்க வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார்.

தோற்ற திருத்தம்

பிரதமர் லியாகத் அலி கான் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். புதிதாகப் பிறந்த நாட்டை ஒன்றாகக் கட்டிவைக்க ஒரே பொதுமொழி தேவை, அது உருதுதான் என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. பிரிவினையின் ரத்தம் காயாத காலம் அது. நாடு சிதறிவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால், உருது மேற்குப் பாகிஸ்தானிலேயே சிலருக்கு மட்டும்தான் தாய்மொழி. அங்கு பெரும்பாலோர் பஞ்சாபி, சிந்தி, பஷ்தோ, பலூச்சி பேசினார்கள்.

கிழக்கு வங்காளத்தின் முதலமைச்சர் குவாஜா நசிமுத்தீனும் திருத்தத்துக்கு எதிராகவே பேசினார். தத்தாவுக்கு ஆதரவாக நின்றவர்கள் அவருடைய காங்கிரஸ் நண்பர்கள் மட்டுமே. வங்காளத்திலிருந்து வந்திருந்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் ஆதரவு தரவில்லை. குரல் வாக்கெடுப்பில் திருத்தம் தள்ளுபடியானது. மொழிக் கோரிக்கையை ஓர் இந்து உறுப்பினர் எழுப்பியதால், அது நாட்டைப் பிளக்கும் சூழ்ச்சி என்று முத்திரை குத்துவதும் எளிதாயிற்று.

தத்தா டாக்கா திரும்பியபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சி இன்றும் சொல்லப்படுகிறது. விமான நிலையத்தில் சால்வை போர்த்திய இளைஞர்கள் சிலர் காத்திருந்தார்களாம். தம்மைத் தாக்க வந்திருக்கிறார்களோ, சால்வைக்குள் ஆயுதம் இருக்குமோ என்று அவர் தயங்கினாராம். அருகில் வந்தபோது இளைஞர்கள் சால்வையை விலக்கி, மறைத்து வைத்திருந்த பூக்களை அவர்மீது தூவினார்களாம். அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்.

மாணவர்கள் கையில்

மன்றத்தில் தோற்ற கோரிக்கையை மாணவர்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாளே டாக்காவில் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். மார்ச் 11ஆம் நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது, பலர் கைதானார்கள். அதே மாதம் டாக்காவுக்கு வந்த ஜின்னா, உருது மட்டுமே அரசு மொழி என்று பொதுக்கூட்டத்திலும் பட்டமளிப்பு விழாவிலும் அறிவித்தார். பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் அவர் முன்னிலையிலேயே மறுப்புத் தெரிவித்தனர்.

1952 பிப்ரவரி 21ஆம் நாள், 144 தடை உத்தரவை மீறி மாணவர்கள் ஊர்வலம் புறப்பட்டார்கள். டாக்கா மருத்துவக் கல்லூரி அருகே காவல்துறை சுட்டது. பர்கத், ரபீக், ஜப்பார் முதலியோர் உயிரிழந்தனர். நம் வயதை ஒத்த இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அதன் பிறகு அரசாங்கத்தால் பழைய நிலையில் நிற்க முடியவில்லை. 1956இல் நடைமுறைக்கு வந்த பாகிஸ்தானின் முதல் அரசியல் சட்டம், உருதுவையும் வங்க மொழியையும் அரசு மொழிகளாக ஏற்றது. தத்தா எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கேட்டதைவிடப் பெரியது இது. அன்றே அந்த இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அதே 1956இல் கிழக்குப் பாகிஸ்தானில் அதாவுர் ரகுமான் கான் அமைத்த அமைச்சரவையில் தத்தா சுகாதாரம், சமூக நலத்துறை அமைச்சரானார். 1958இல் ராணுவ ஆட்சி வந்தது, அமைச்சரவை போயிற்று. அயூப் கான் அரசு மூத்த அரசியல்வாதிகள் பலரைத் தேர்தல் அரசியலிலிருந்து விலக்கி வைத்தது. அவர்களில் தத்தாவும் இருந்தார். 1965இல் இந்தியாவுடன் போர் மூண்டபோது அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அப்போதும் அவர் கொமில்லாவை விட்டுப் போகவில்லை.

1971 மார்ச் 29

1971 மார்ச் 25ஆம் நாள் இரவு, பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் மக்கள்மீது தாக்குதலைத் தொடங்கியது. அப்போது தத்தாவுக்கு வயது 84. பொது வாழ்வின் பரபரப்பிலிருந்து ஒதுங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால், 23 ஆண்டுகளுக்கு முன் அவர் பேசிய பேச்சை யாரும் மறந்துவிடவில்லை.

மார்ச் 29ஆம் நாள் இரவு ராணுவத்தினர் அவருடைய கொமில்லா வீட்டுக்கு வந்தனர். அவரையும் மகன் திலீப் குமார் தத்தாவையும் பிடித்து மைனாமதி ராணுவ முகாமுக்குக் கொண்டு சென்றனர். இருவரும் திரும்பவில்லை. முகாமில் முடிதிருத்தும் வேலை செய்த ஒருவர், அந்த முதியவர் அங்கு பட்ட சித்திரவதையைப் பின்னாளில் வெளியே சொன்னார். உடல்கூடக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் போர் முடிந்தது. வங்காளதேசம் விடுதலை பெற்றது. கொமில்லாவில் உள்ள விளையாட்டரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1999 நவம்பர் 17ஆம் நாள், வங்காளதேசம் முன்மொழிந்ததை ஏற்று, பிப்ரவரி 21ஐ அனைத்துலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ அறிவித்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தாய்மொழி என்றதும் நமக்குப் பெருமைப் பேச்சுதான் முதலில் வருகிறது. நம் மொழி எவ்வளவு பழமையானது, எவ்வளவு இனிமையானது என்று மேடையில் முழங்குகிறோம். தத்தா தம் மொழியின் பெருமையை முன்னிறுத்தி வாதாடவில்லை. ஒரு பாரத்தை நிரப்ப முடியாமல் நிற்கும் தகப்பனைக் காட்டினார். மொழி உரிமை என்பது பாடலிலும் கவிதையிலும் மட்டும் இல்லை, அஞ்சலகத்திலும் நீதிமன்றத்திலும் இருக்கிறது என்று புரியவைத்தார்.

இரண்டு, மூன்று மொழிகளில் படித்து வளர்ந்த நமக்கு எந்தப் பாரத்தையும் நிரப்பத் தெரியும். ஆனால் நம் வீட்டிலேயே தாத்தாவோ பாட்டியோ ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் வரும்வரை காத்திருந்திருப்பார்கள். அவர்களுக்குப் படித்துச் சொல்வது உதவி. அவர்களே படிக்கும்படி கடிதம் வர வேண்டும் என்று கேட்பது உரிமை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அந்தக் கொமில்லா வழக்கறிஞர் கராச்சியில் எடுத்துரைத்தார்.

திருத்தம் தோற்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்த மன்றத்தில் உறுப்பினர் எண்ணிக்கை எந்தப் பக்கம் என்பதை அறியாத வழக்கறிஞரா அவர்? ஆனாலும் முறைப்படி எழுதிக் கொடுத்து, எழுந்து நின்று, கணக்குச் சொல்லி, காரணம் சொல்லி, அதை மன்றத்தின் பதிவேட்டில் ஏற்றினார். மறுநாள் போராடிய மாணவர்கள் கையில் எடுத்துக்கொண்டது அந்தப் பதிவைத்தான்.

அடுத்த பிப்ரவரி 21ஆம் நாள் சுவரொட்டி எழுதும்போது, டாக்காவில் விழுந்த மாணவர்களின் பெயர்களோடு தீரேந்திரநாத் தத்தாவின் பெயரையும் ஒரு மூலையில் எழுதி வைப்போம்.