செல் செய்த ஒயின் வியாபாரி

உயிருள்ள செல் செய்யும் வேலையில் எவ்வளவு வெறும் வேதியியல்? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டவர் மோரிட்ஸ் டிரௌபே. 1826-இல், இன்று போலந்தில் உள்ள ராத்திபோர் என்ற ஊரில் பிறந்தவர். பெர்லினிலும், லீபிக்கிடம் கீசனிலும் படித்து, 1847-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அப்புறம் பேராசிரியர் பதவிதானே? இல்லை. 1849-இல் சகோதரர் இறந்துபோக, குடும்பத்தின் ஒயின் வியாபாரம் அவர் தலையில் விழுந்தது. பல்கலைக்கழகப் பதவியும் இல்லை, அரசு மானியமும் இல்லை. ஒரு பக்கம் கல்லாப்பெட்டி, மறுபக்கம் சொந்தச் செலவில் அமைத்த ஆய்வுக்கூடம். அப்படியே காலத்தை ஓட்டினார்.

1858-இல், நொதித்தலை நடத்துவது உயிர்ச்சக்தி அல்ல, புரதம் போன்ற ஒரு வேதிப்பொருள்தான் என்று எழுதினார். எடுபடவில்லை. அடுத்து செல்லையே செய்து பார்க்க இறங்கினார். 1867-இல் வெளியிட்ட ஆய்வு அது. பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு கரைசலில் ஒரு தாமிர உப்பைப் போட்டால் அதைச் சுற்றிப் பழுப்புச் சவ்வு ஒன்று உண்டாகும். அது தண்ணீரை உள்ளே விடும். கரைந்திருக்கும் உப்புகள் பலவற்றை விடாது. தண்ணீர் புகப் புகப் பை உப்பும், கிழியும். கிழிந்த இடத்தில் உடனே புதுச் சவ்வு மூடிக்கொள்ளும். பார்த்தால் செடி வளர்வது மாதிரியே இருக்கும்!

ஆனால் அதற்கு உயிர் இல்லை. தின்னாது, குட்டி போடாது. வளர்ச்சி என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு வெறும் சவ்வூடுபரவல் என்று காட்டியதுதான் அந்த மாதிரியின் பயன். அந்தச் சவ்வையே மண்பாத்திரத்தின் நுண்துளைகளில் படியவைத்து, சவ்வூடுபரவல் அழுத்தத்தை அளந்து 1877-இல் வெளியிட்டார் ஃபெஃபர். அந்த எண்களை வைத்து வான்ட் ஹாஃப் கொள்கை வகுத்தார்; 1901-இல் வேதியியலின் முதல் நோபல் பரிசு பெற்றார். இன்று நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் சவ்வின் பொருள் வேறு; கணக்கு அதே கணக்குதான்.

டிரௌபே 1894-இல் பெர்லினில் காலமானார். ஈஸ்ட்டைக் கசக்கிப் பிழிந்த சாறே நொதிக்க வைக்கும் என்று பூக்னர் நிரூபித்தது 1897-இல். மூன்று வருஷம் தாமதம்!

வேலை, குடும்பம் என்று ஓடும் நமக்கும் ஏதோ ஒரு கேள்வி பாக்கி இருக்கும். அதைக் கைவிட வேண்டாமே. மாணவத் தம்பி தங்கைகளே, மயில்துத்தமும் ஃபெர்ரோசயனைடும் போதும், ஆசிரியர் முன்னிலையில் செய்து பாருங்கள். அமிலத்தை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.